புதுவைச் சம்பாக் கோயில்

திருக்கோணமலைத் துறைமுகத்துக்கும் புதுச்சேரிப் பட்டினத்துக்கும் உள்ள பழந்தொடர்பை நம்மவர்களுள் அறிந்தோர் சிலரே. 1672ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் டி லா ஹே என்னும் பிரெஞ்சுக் கடற்படைத் தலைவன் கப்பல்கள் பலவற்றுடன் நம் துறையில் வந்து நங்கூரமிட்டான். கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கன், ஒல்லாந்தரை விரட்டுவதற்குக் கிடைத்த துணை என்று கருதி அவனுக்கு இடங்கொடுத்தான். குடாவிலுள்ள சிறு தீவுகளில் பிரெஞ்சுக்காரர் அரண் அமைக்கத் தொடங்கினர். ஒல்லாந்தர் வாளாவிருப்பார்களா? உணவு வரும் வழியை அடைத்தனர், நோயும் சேர்ந்துகொண்டது. நான்கு மாதத்துக்குள் டி லா ஹே பாய் விரித்துச் சோழமண்டலக் கரைக்கு ஏகி, அவ்வாண்டு யூலையில் சென்னைக்கருகிலுள்ள சாந்தோமைக் கைப்பற்றினான். அங்கும் முற்றுகை வந்தது. அந்த நெருக்கடியில் தென்றிசை நோக்கி உதவி தேடிச் சென்ற பிரெஞ்சுக்காரருக்கு 1673இல் வலிகொண்டபுரத்து ஷேர்கான் லோடி கொடுத்த கடற்கரைச் சிற்றூரே புதுச்சேரி. அடுத்த ஆண்டில் பிரான்சுவா மார்த்தேன் அங்கு நிலையாகத் தங்கி அதனை ஒரு பட்டினமாக வளர்த்தார். திருமலையில் அவர்களுக்கு இடம் நிலைத்திருந்தால் புதுவை இன்று யாது ஆகியிருக்கும் என்று எண்ணிப் பார்ப்பது வீண் வேலைதான்; எனினும் திருமலையில் பிறந்தவனுக்கு அந்த எண்ணம் வராமற் போகாது.

நூற்றுப் பத்து ஆண்டுகள் கழித்து மீண்டும் வந்தனர். 1782 ஓகஸ்ட் இறுதியில் சுஃப்ரேன் என்ற புகழ்பெற்ற கடற்படைத் தளபதி ஆங்கிலேயரிடமிருந்து நம் கோட்டைகளைப் பறித்தார். செப்டெம்பர் 3ஆம் திகதி நம் கடலிலேயே பெரும் போர் நடந்தது. அதுவும் நீடிக்கவில்லை. சமாதானம் ஏற்பட்டதும் திருமலை ஒல்லாந்தர் கைக்கே போயிற்று.

ஆகவே பிரான்சு தேசத்துக் கடற்கரை நகரங்களையும் அங்குள்ள புராதனப் பேராலயங்களையும் காணும் வாய்ப்பு நமக்குக் கிட்டாவிடினும், பிரெஞ்சுக்காரர் கட்டிய கடற்கரை நகரொன்றும் அதன் பேராலயமும் நமக்கு அருகிலேயே, அதுவும் தமிழ் வழங்கும் மண்ணிலே உள்ளன என்பதை நினைவூட்டவே இக்கட்டுரை. சென்ற ஆண்டு காங்கேசன்துறையிற் கப்பலேறி நாகப்பட்டினத்தில் இறங்கிக் காரைக்கால், சிதம்பரம், கடலூர் வழியாகப் புதுவை அடைந்தேன். பயண விவரங்களை விரித்துரைத்து இடத்தை வீணாக்க விரும்பவில்லை. சிதம்பர தரிசனத்தைப் பற்றி எழுதத் தொடங்கினால் புதுவைக்கு வந்து சேரவே முடியாது.

இரண்டு நகரம், மூன்று கோயில்

புதுவையை ஒரு கால்வாய் இரண்டாகப் பிரிக்கின்றது. கடலோரத்தில் அமைந்தது வெள்ளையர் நகரம்; மேற்கே தமிழர் நகரம். தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. இந்த ஒழுங்கைக் கண்டு பிரெஞ்சுக்காரரின் நகர நிர்மாணத் திறமையை வியந்து போற்றுவோர் பலர். அத்திட்டத்தை முதலில் வரைந்தவர் ஒல்லாந்தர். 1693இல் பிரெஞ்சுக்காரரைத் துரத்திப் புதுவையைப் பிடித்த அவர்கள் ஆறாண்டுகள் அதனை வைத்திருந்த காலத்தில் தெருக்களை வகுத்தனர்; 1699இல் ஊரைத் திருப்பிக் கொடுத்தபோது திட்டத்தையும் விட்டுச் சென்றனர். நம் துறையிலிருந்து பிரெஞ்சுக்காரரைப் பட்டினி போட்டு விரட்டிய அதே ஒல்லாந்தர்தாம்!

யாத்திரிகர் கூட்டம் பெரும்பாலும் இரண்டு தேவாலயங்களையே நாடுகின்றது. ஒன்று, கடற்கரையை ஒட்டிய வெள்ளையர் நகரத்தில் 1855இல் கட்டி முடிக்கப்பட்ட சம்மனசுகளின் இராக்கினி ஆலயம். மற்றது, புகைவண்டி நிலையத்துக்கு அண்மையில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்த, வண்ணக் கண்ணாடிச் சாளரங்கள் ஒளிரும் திரு இருதய ஆண்டவர் ஆலயம். இரண்டும் அழகியவை என்பதில் ஐயமில்லை. ஆனால் மேற்றிராணியாரின் பேராலயம் இவற்றுள் எதுவுமன்று. அது கால்வாயைத் தாண்டித் தமிழர் நகரத்திலே, கடைகளும் சன நடமாட்டமும் மிகுந்த மிஷன் வீதியிலே, கிழக்கு நோக்கி நிற்கின்றது. ஏட்டில் அதன் பெயர் ஜென்மராக்கினி மாதா கோயில். ஊரார் வாயிலோ ‘சம்பாக் கோயில்’.

பேராலயம் தமிழர் பகுதியில் அமைந்ததற்குக் காரணம் உண்டு. அக்காலத்தில் புதுவையிலிருந்த ஐரோப்பியரின் ஆன்ம காரியங்களைக் கப்புச்சின் சபையார் கவனித்தனர். தமிழ்க் கிறிஸ்தவர்கள் இயேசு சபையாரின் பொறுப்பில் விடப்பட்டனர். ஆதலால் இது பிரெஞ்சு அரசனின் பொருளுதவியோடு பிரெஞ்சுப் பாதிரிமார் கட்டியதாயினும், முதலிலிருந்தே தமிழர் சென்று தொழுத கோயில்.

‘சம்பா’ என்பது நெல்லின் பெயரென்று நினைத்துவிடலாகாது. அர்ச். சின்னப்பரைப் போர்த்துக்கேயர் தம் மொழியில் ‘சாம் பாவ்லு’ என்பர். கோவாவில் அப்புனிதரின் பெயரால் இயேசு சபையார் நடத்திய கல்லூரி புகழ் பெற்றிருந்தமையால், இந்தியாவெங்கும் அச்சபையாருக்கே சின்னப்பர் பெயர் ஒட்டிக்கொண்டது. புதுவைக் கோயிலின் கீழ்ப்புற வளைவிலும் அப்புனிதரின் சிலை முன்னர் இருந்ததாம். சாம் பாவ்லு கோயில் தமிழர் நாவிற் சம்பாக் கோயிலாயிற்று. போர்த்துக்கேயச் சொல்லொன்று பிரெஞ்சுக்காரர் நகரில், தமிழர் வாயில், முந்நூறாண்டாக உயிர் வாழ்கின்றது. நம் வீட்டு அலமாரியும் சாவியும் சன்னலும் அவ்வாறு வந்தவைதாமே.

நான்கு முறை எழுந்த கோயில்

சீயம் நாட்டில் 1688இல் நிகழ்ந்த அரசியற் புரட்சியினால் அங்கிருந்து வெளியேறிய பிரெஞ்சு இயேசு சபையார் மறு ஆண்டு புதுவைக்கு வந்தனர். ஊருக்கு மேற்கே பெரிய தோட்டமொன்றை வாங்கி, பதினான்காம் லூயி மன்னனின் பணத்தைக்கொண்டு 1692இல் கோயில் எழுப்பினர். மறு ஆண்டே ஒல்லாந்தர் படையெடுப்பு, கோயில் போயிற்று. அடுத்து விரைவாகக் கட்டிய இரண்டாவது கோயிலும் நிலைக்கவில்லை. 1728 தொடங்கி 1736 வரை எட்டாண்டுகள் உழைத்து மூன்றாவதாக ஒரு பெருங்கோயிலைக் கட்டினர். அதை 1761இல் ஆங்கிலேயர் இடித்தனர். இன்று நாம் காண்பது 1770இல் தொடங்கி, பக்கச் சாலைகள் எல்லாம் நிறைவெய்தி, 1791 யூன் 20ஆம் திகதி சாம்பெனுவா மேற்றிராணியாரால் அபிடேகம் செய்யப்பட்ட நான்காவது கோயில்.

கட்டடக்கலை நிபுணர்கள் முகப்பின் கீழடுக்கிலுள்ள இரட்டைத் தூண்களை டோரிக் என்றும் மேலடுக்கிலுள்ளவற்றை அயோனிக் என்றும் வகைப்படுத்துவர். கிரேக்க நாட்டுத் தூண் உரோமாபுரி சென்று, பாரிசு சென்று, கடல் கடந்து வந்து நம் வெய்யிலில் நிற்கின்றது. கருங்கல்லாற் கட்டிய நம் கோயில்களின் கனம் இதற்கு இல்லை. சாந்து பூசிய சுவரில் உருண்ட தூணும் வளைந்த விளிம்பும் காலை வெய்யிலை வாங்கி மென்மையாகத் தோன்றுகின்றன. நான் சென்றது வேலை நாளொன்றின் முற்பகல். பூசை முடிந்திருந்தது. அடியார் பலர் பாதரட்சையை வாயிலிற் கழற்றிவிட்டே உள்ளே சென்றனர். முக்காடிட்ட ஒரு மூதாட்டி தரையில் முழந்தாளிட்டுச் செபமாலை உருட்டிக்கொண்டிருந்தார். உயர்ந்த வளைவுக் கூரையும் நடுவே கவிந்த கும்மட்டமும் வெளித் தெருவின் இரைச்சலை அப்படியே விழுங்கிவிடுகின்றன. மெழுகுதிரியின் மணமும் மல்லிகையின் மணமும் கலந்து வந்தன. பிரான்சிலுள்ள பேராலயங்களில் மல்லிகை மணக்காது என்று துணிந்து கூறலாம்.

‘ஜென்மராக்கினி’ என்ற பெயருக்கு உபதேசியார் ஒருவர் எனக்கு விளக்கம் தந்தார். தேவமாதா தம் உற்பவத்திலேயே சென்ம பாவத்தின் மாசு படாதவர் என்பது கருத்து. இதனைத் திருச்சபையின் விசுவாச சத்தியமாகப் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் பிரகடனஞ் செய்தது 1854 டிசெம்பர் 8இல். புதுவைக் கோயிலோ அதற்கு மிக முன்னரே அப்பெயரால் விளங்கியது. ஆண்டுதோறும் டிசெம்பர் 8இல் பெருவிழா, அதற்கு முன் கொடியேற்றம், நிறைவில் தேர்ப்பவனி. கொடியேற்றமும் தேரும் எவரிடமிருந்து எவருக்கு வந்தன என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

பிள்ளையின் நாட்குறிப்பு

சம்பாக் கோயிலைக் காணச் செல்பவர் கையில் ஒரு நூல் இருத்தல் வேண்டும் என்பேன். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பே அது. பிரெஞ்சுத் தேசாதிபதி டூப்ளேயிடம் தலைமைத் துபாஷியாக விளங்கிய அப்பெருமகனார் 1736 செப்டெம்பரில் எழுதத் தொடங்கி, 1761 சனவரியில் புதுவை வீழ்வதற்குச் சில நாட்கள் முன்பு தாம் இறக்குங்காறும் எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை ஏறியது, இன்னார் வீட்டுக் கலியாணம், இன்னார் வாங்கிய கைக்கூலி, எல்லாம் அதில் உண்டு. பேச்சு வழக்கில் அமைந்த அத்தமிழைப் பண்டிதர் சிலர் நெடுங்காலம் மதிக்கவில்லை. அஃது அவர்களுடைய நட்டம்.

இக்கோயிலைப் பற்றிப் பிள்ளை எழுதிய இரு செய்திகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

முதலாவது 1745ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. அக்காலத்தில் சம்பாக் கோயிலின் உள்ளே வடபுறமாக ஒரு சுவர் இருந்தது. தாழ்த்தப்பட்டவராகிய ஏழைக் கிறிஸ்தவர்கள் சுவருக்கு அப்பால். உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் இப்பால். ஒரே கடவுளை, ஒரே பூசையை, சுவரின் இரு மருங்கிலுமிருந்து தொழுதனர். ஒடுக்கப்பட்டோர் திரண்டு பாதிரியாரிடம் முறையிட்டனர்: தங்களைப் பிள்ளைகள் என்று அழைத்துக்கொண்டே சுவருக்கு வெளியே நிறுத்துவது எவ்வாறு நீதியாகும் என்பது அவர்கள் கேள்வியின் சாரம். பாதிரியார் சுவரை இடிப்பித்தார். உயர்சாதியார் கொதித்தெழுந்தனர், விவகாரம் தேசாதிபதியின் காதுவரை சென்றது. பிரிவினை அத்தோடு ஒழிந்துவிடவில்லை. வேறு வேறு உருவில் நெடுங்காலம் நீடித்தது. பிள்ளையும் சாதி ஒழுங்கில் ஆழ்ந்த பற்றுடையவர்; அஃது அவர் எழுத்தில் எங்கும் மறைவதில்லை.

இரண்டாவது செய்தி 1748 செப்டெம்பர் 8ஆம் திகதியது. இதைப் படிப்பது எனக்கு எளிதாக இருக்கவில்லை.

சம்பாக் கோயிலுக்கு அயலில் வேதபுரீசுவரர் ஆலயம் இருந்தது. புதுவைக்கு வேதபுரி என்ற பெயர் வழங்குதலும் அக்கோயிலின் பெருமையும் ஒன்றோடொன்று பிணைந்தவை. அதனை அகற்றவேண்டும் என்பது இயேசு சபையாரின் நெடுநாளைய விருப்பம். முந்திய தேசாதிபதிகள் காலத்திலும் முயன்றார்கள். அப்போதெல்லாம் ஊர் மக்கள் ஒன்றுதிரண்டு நின்றமையால், நெசவாளரும் வணிகரும் ஊரைவிட்டுப் போய்விட்டால் வாணிகம் என்னாவது என்று அஞ்சிய அதிகாரிகள் பின்வாங்கினர். 1748இல் பொஸ்காவன் என்ற ஆங்கிலத் தளபதி புதுவையை முற்றுகையிட்டிருந்தார். போர்க்காலம், எதற்கும் சாக்குக் கிடைக்கும் காலம். டூப்ளேயின் மனைவியாரும் பாதிரிமார் பக்கம் நின்றார். படையாட்களை முன்னமே கோயிலருகே நிறுத்திவிட்டு, மண்வெட்டியும் கடப்பாரையும் ஏந்திய கொத்தரையும் கூலிகளையும் அனுப்பினர். தெற்கு மதிலிலிருந்து இடிப்புத் தொடங்கிற்று. ஊர்ப் பெரியவர்கள் பிள்ளையிடம் ஓடி வந்தனர். முன்பிருந்த ஒற்றுமை இப்போது ஊரில் இல்லை என்பதைப் பிள்ளை அறிவார். விக்கிரகங்களையாவது காப்பாற்றும் வழி பார்க்கச் சொல்லி அனுப்பினார். கருவறையிலிருந்த இலிங்கத்தைக் கேர்தூ என்னும் இயேசு சபைத் தலைவர் காலால் உதைத்துச் சம்மட்டியால் உடைத்தார் என்று தம் ஏட்டில் எழுதிவைத்தார். யார் எங்கே நின்றார், யார் என்ன சொன்னார், யார் வாளாவிருந்தார் என்பதெல்லாம் அதில் உள்ளன. அதே நாட்களில் ஒரு பள்ளிவாசலையும் இடிக்கக் கட்டளை பிறந்தது. சிப்பாய்களின் முஸ்லிம் தலைவன் முன்வந்து, இடித்தால் தன் ஆட்கள் உயிரைக் கொடுத்துத் தடுப்பர் என்றதும் அக்கட்டளை கைவிடப்பட்டது. பிள்ளை இதையும் குறித்திருக்கிறார். ஏன் குறித்தார் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கோணேசர் ஆலயம் நின்ற மலையடியில் வளர்ந்தவன் இவ்வரிகளை மனக்கசப்பின்றி வாசித்தல் இயலாது. 1622இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலைத் தகர்த்தனர்; சம்பந்தப் பெருமான் பாடிய தலத்தின் கற்களைக்கொண்டே கோட்டை கட்டினர். அக்கோட்டை வாயிலில் இரட்டை மீன் பொறித்த கல்லையும் பழைய தமிழ்ச் சாசன வரிகளையும் இன்றும் காணலாம். கோயில் மீண்டும் எழுந்து குடமுழுக்குக் கண்டது 1963இல். இடையில் முந்நூற்று நாற்பத்தோராண்டு!

சம்மட்டியும் எழுதுகோலும்

ஆயினும் இந்தக் கேர்தூ பாதிரியார் யார் என்று தேடினேன். தேடியது என் மனத்துக்குச் சங்கடத்தையே தந்தது. அறிவிலியாகவோ முரடனாகவோ இருந்திருந்தால் வெறுத்துவிட்டுப் போகலாம். அவரோ பேரறிஞர். தெலுங்கும் வடமொழியும் கற்றுத் துறைபோயவர்; தெலுங்கு, வடமொழி, பிரெஞ்சு மொழிகளுக்கு அகராதி தொகுத்தவர். நம் நெசவாளர் பருத்தித் துணிக்குச் சாயமேற்றும் முறையைத் தாமே விசாரித்தறிந்து பிரான்சுக்கு விரிவாக எழுதியனுப்பியவர். 1767இல் பாரிசிலுள்ள அறிஞர் கழகத்துக்கு அவர் ஒரு கேள்வி விடுத்தார்: வடமொழியில் இலத்தீனையும் கிரேக்கத்தையும் ஒத்த சொற்கள் இத்துணை மிகுதியாக இருத்தல் எவ்வாறு? ‘தேவ’ என்பதற்கு இலத்தீனில் ‘தேயுஸ்’. ‘விதவா’ என்பதற்கு ‘விதுவா’. ‘தானம்’ என்பதற்கு ‘தோனும்’. வெறும் வாணிகக் கலப்பினால் இது வந்திருக்க முடியாது. இம்மொழி பேசியோர் ஒரு காலத்தில் ஒரு குலத்தோராதல் வேண்டும் என்ற முடிவுக்கும் வந்தார். சர் வில்லியம் ஜோன்ஸ் கல்கத்தாவில் இதே கருத்தை வெளியிட்டு உலகப்புகழ் பெற்றது 1786இல். கேர்தூவின் கட்டுரையைப் பாரிசு அறிஞர்கள் அச்சேற்றியது 1808இல். அதற்குள் அவர் இறந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்துவிட்டன.

‘தேவ’ என்ற சொல்லின் வேரைத் தேடி அவ்வளவு தூரம் சென்ற ஒருவர் அந்தத் தேவனின் திருவுருவைச் சம்மட்டியால் உடைத்தார். கல்வி மனிதனைப் பண்படுத்தும் என்று வகுப்பறையில் ஆண்டாண்டாகச் சொல்லி வருகின்ற எனக்கு இஃது ஒரு முள். பொருந்தாத இரண்டையும் பொருத்திக் காட்ட நான் முயலவில்லை. அவருடைய அகராதிக்காகச் சம்மட்டியை மறைப்பதும் நேர்மையன்று. சம்மட்டிக்காக அகராதியை மறுப்பதும் நேர்மையன்று.

காலம் அவரை விட்டுவைக்கவில்லை. பதின்மூன்றே ஆண்டுகளில், 1761 சனவரி 16இல், லாலி ஆங்கிலேயரிடம் சரணடைந்தார். வென்றவர்கள் கோட்டையையும் நகரையும் தரைமட்டமாக்கினர்; சம்பாக் கோயிலும் அதனுட் போயிற்று. மூன்றாண்டுகளில் பிரெஞ்சு அரசு தன் நாடுகளில் இயேசு சபையைத் தடைசெய்தது. 1773இல் பாப்பரசரே அச்சபையைக் கலைத்தார். 1776இல் புதுவை மிஷன் பாரிசு வேதபோதக சபையாரின் பொறுப்பாயிற்று. கோயிலின் இடிபாட்டையும், தம் சபையின் முடிவையும், புதுக் கோயிலின் அத்திவாரத்தையும் கண்டுவிட்டு, 1779இல் கேர்தூ புதுவையிலேயே கண் மூடினார். அப்போது ஊர் மீண்டும் ஆங்கிலேயர் வசம். கோயில் பாதியில் நின்றது.

உபதேசியாரிடம் இந்தப் பழங்கதையை எடுப்பதா விடுவதா என்று தயங்கினேன். அவரே எடுத்தார். “ஐயா சிலோனிலிருந்தா வர்றீங்க? எந்த ஊரு?” என்று கேட்டார். திருக்கோணமலை என்றதும், “அங்கேயும் கோயிலை இடிச்சாங்கன்னு படிச்சிருக்கேன். இங்க ஈஸ்வரன் கோயிலை இடிச்சது எங்க சாமியாருங்கதான், ஐயா. அப்புறம் எங்க கோயிலை இங்கிலீஷ்காரன் இடிச்சான்” என்றார். குரலில் தற்காப்பும் இல்லை, குத்தலும் இல்லை. தம் ஊரின் கதையைத் தம் ஊரின் கதையாகவே சொன்னார்.

பாரிசு வேதபோதக சபையார் பின்னாளிற் செய்த தமிழ்த் தொண்டையும் கூறாமல் விடுதல் முறையன்று. அவர்களின் புதுவை அச்சுக்கூடம் தமிழ் நூல் அச்சுக்குப் பேர்போனது. முசே, துப்புயி என்னும் இரு குருமார் தொகுத்த தமிழ்–பிரெஞ்சு அகராதி இரு பாகங்களாக 1855இலும் 1862இலும் வெளிவந்தது. தமிழ்ச் சொல்லாராய்ச்சியாளர் இன்றும் அதனைப் புரட்டுவர். அதே துப்புயி அடிகள் 1844இல் கன்னியர் சபையொன்றை நிறுவித் தமிழ்ப் பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தார். அக்காலத்தில் அது சாதாரண காரியமன்று.

நம் ஊரிலும் இந்தச் சரித்திரத்தின் கிளை ஒன்று உண்டு. திருமலை நகரிலுள்ள மரியன்னை பேராலயம் 1852ஆம் ஆண்டுக்குரியது. நீலம் தீட்டிய அதன் முகப்பை நாம் நாள்தோறும் கடந்து செல்கிறோம். 1893இல் திருமலை தனி மேற்றிராசனமானபோது அதனைப் பிரெஞ்சு இயேசு சபையாரிடமே ஒப்படைத்தனர். லவீஞ், ரொபிஷே ஆகிய பிரெஞ்சு மேற்றிராணிமார் இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் இங்கிருந்து பணிபுரிந்தனர். டி லா ஹே பீரங்கியோடு வந்து பெறாத இடத்தை அவர்கள் பள்ளிக்கூடங்களோடு வந்து பெற்றார்கள். அவர்களுடைய பாடசாலைகளில் எழுத்தறிந்த சைவக் குடும்பங்கள் திருமலையிலும் மட்டக்களப்பிலும் ஏராளம்.

சம்பாக் கோயிலின் வடபுறச் சுவர் நின்றிருக்கக்கூடிய இடத்தில் சிறிது நேரம் அமர்ந்திருந்தேன். பெஞ்சுகளில் எவரும் எங்கும் அமர்கின்றனர். மற்றவர் கோயிலின் மதிலை இடித்தவர்களைப் பற்றி நாம் நிறைய எழுதியிருக்கிறோம். நம் கோயிலினுள் நாமே எழுப்பிய சுவரைப் பற்றி எழுதியது குறைவு. 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலில் நம்மவரே நம்மவரை உள்ளே விடாது தடியோடு தடுத்து நின்றனர். சம்பாக் கோயிற் சுவர் இடிந்து இருநூற்று இருபத்து மூன்று ஆண்டுகள் சென்ற பின்னர் அது நடந்தது. 1622ஐ நம் பிள்ளைகளுக்கு மறவாது கற்பிக்கின்றோம், கற்பிக்கத்தான் வேண்டும். 1968ஐயும் அதே பாடத்தில் சேர்க்கும் ஆசிரியரை நான் அதிகம் கண்டதில்லை.

புறப்படும்போது உபதேசியார், “நம்ம ஈஸ்வரன் கோயிலுக்கும் போயிட்டுப் போங்க, ஐயா. நடந்தே போயிடலாம். பன்னிரண்டு மணிக்குள்ள போங்க, நடை சாத்திடுவாங்க” என்று வழி சொன்னார். ‘நம்ம’ என்றுதான் சொன்னார்.

இடிக்கப்பட்ட வேதபுரீசுவரர் ஆலயம் பழைய இடத்தில் எழவில்லை. சற்றுத் தள்ளி, ஈசுவரன் கோயில் தெருவில், ஊர் மக்கள் பொருள் திரட்டி அமைத்த புதுக்கோயில் அது. 1788ஆம் ஆண்டை அதற்குரியதாகக் கூறுவர். அப்படியாயின் சம்பாக் கோயில் முற்றுப்பெற்றது அதற்கு மூன்றாண்டு பின்னர். இரண்டுக்கும் ஒரே சூளையின் சுண்ணாம்பு போயிருக்கலாம். ஒரே கொத்தர் இரண்டிலும் கூலிக்கு நின்றிருக்கலாம். மிஷன் வீதியிலிருந்து கடைத்தெருக்களின் ஊடே நடந்து சென்றேன். வழியில், காய்கறிச் சந்தைக்கு அண்மையில் ஆனந்தரங்கப் பிள்ளையின் மாளிகை இன்றும் நிற்கின்றது. 1738இற் கட்டப்பட்டது, தமிழ் முறையும் பிரெஞ்சு முறையும் கலந்தது. அந்த வீட்டுக்காரர் எழுதியிராவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இல்லை.

கோயிலில் உச்சிக்காலப் பூசைக்கு முன்னதாகவே சென்றுவிட்டேன். சுவாமி வேதபுரீசுவரர், அம்பாள் திரிபுரசுந்தரி. அர்ச்சனைச் சீட்டைக் கொடுத்தபோது குருக்கள் நட்சத்திரத்தைக் கேட்டார். பின்னர் ஊரைக் கேட்டார். சொன்னேன். “கோணேசர் இருக்கிற ஊரா?” என்று ஒரு கணம் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டு, சங்கல்பத்தில் வேதபுரியோடு திருக்கோணமலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, திருநீற்றை இருமுறை அள்ளித் தந்தார்.